வியர்ட் ஃபேன்டஸி 18: 'ஜட்ஜ்மென்ட் டே' கதையைப் பிள்ளைகளுக்குக் கறுப்பு வெள்ளையில் கொடுக்கலாமா?

அன்டாப்ஹில் வாசகன்:

நண்பர்களே, ஐம்பதுகளில் அமெரிக்காவில் வந்த பழைய ஈசி நிறுவனக் காமிக்ஸ் படித்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் வியர்ட் ஃபேன்டஸி 18-ஆம் இதழ் கிடைத்தது. 1953 மார்ச்–ஏப்ரல் என்று தேதியிட்ட அசல் இல்லை, அதெல்லாம் நமக்கு எட்டாது. தொண்ணூறுகளில் ரஸ் காக்ரன் ஒவ்வொரு இதழாக வண்ணத்தில் மறுபடி அச்சிட்டாரே, அந்தப் பதிப்பு. ஓரம் கொஞ்சம் மஞ்சளடித்திருக்கிறது, பக்கம் எதுவும் விட்டுப்போகவில்லை. இதில்தான் அல் ஃபெல்ட்ஸ்டைன் எழுதி ஜோ ஓர்லாண்டோ வரைந்த 'ஜட்ஜ்மென்ட் டே' இருக்கிறது.

முடிவைச் சொல்லாமல் இந்தக் கதையைப் பற்றிப் பேச முடியாது. படிக்காதவர்கள் முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

சைப்ரினியா என்று ஒரு கிரகம், முழுக்க ரோபோக்கள். பூமியிலிருந்து டார்ல்டன் என்கிற அதிகாரி வருகிறார். இந்தக் கிரகத்தைப் பெரிய விண்மீன் குடியரசில் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. விண்வெளி உடை, தலையில் கவசம், முகம் தெரியாது. ஆரஞ்சு நிற ரோபோ ஒன்று அவரை ஊர் சுற்றிக் காட்டுகிறது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நீல ரோபோக்களின் பகுதியையும் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கும் வரை. நீல ரோபோக்களுக்கு ஊரின் இன்னொரு பக்கம், பேருந்தில் பின் இருக்கை, வேலையென்றால் மட்டமான வேலை. கடைசியில் டார்ல்டன், நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்குத் திரும்புகிறார், கவசத்தைக் கழற்றுகிறார், கடைசிக் கட்டத்தில் இருப்பவர் ஒரு கறுப்பின மனிதர்.

கல்லூரிக் காலத்தில் முதல் தடவை படித்தபோது அந்தக் கடைசிக் கட்டம்தான் எல்லாமுமாக இருந்தது. இப்போது முடிவு தெரிந்தே படிக்கிறேன், அப்படியும் கதை நிற்கிறது, ஆனால் வேறு இடத்தில் நிற்கிறது. தொழிற்சாலைப் பக்கங்களைச் சொல்கிறேன். ஆரஞ்சு ரோபோ உருவாகும் வரிசையை வழிகாட்டி பெருமையாகக் காட்டுகிறது, அப்புறம் டார்ல்டன் வற்புறுத்தி நீலத் தொழிற்சாலைக்கும் போகிறார், அங்கேயும் அதே கம்பி, அதே சுருள், அதே மூளை. மேலே போடுகிற தகடு மட்டும் வேறு நிறம். அதற்கடுத்து, எது தெரிய வேண்டும் என்று அவற்றுக்குள் ஏற்றுகிற கட்டத்தில்தான் பிரிவினை உள்ளே போகிறது. அப்போது அந்த வழிகாட்டி ரோபோ நெளிகிற நெளிப்பு இருக்கிறதே, அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். அது கெட்ட ரோபோ இல்லை. மரியாதையான ரோபோ. தான் ஒரு ரோபோ தனியாக என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறது.

சரி, என் கேள்வி. எங்கள் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளை உட்காரவைத்து ஏதாவது படிக்கிறோம், பெரும்பாலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. அடுத்து இந்தக் கதையை வைக்கலாம் என்று ஆசை. ஆனால் ஒரே இதழை அத்தனை கைகளுக்குக் கொடுத்தால் கிழிந்துவிடும். ஜெராக்ஸ் எடுத்தால் கறுப்பு வெள்ளை. ஆரஞ்சும் நீலமும் பற்றிய கதையைக் கறுப்பு வெள்ளையில் கொடுத்தால் ஏறுமா? தெரிந்தவர் ஒருவரிடம் ஃபேன்டாகிராஃபிக்ஸ் போட்ட ஓர்லாண்டோ தொகுப்பு இருக்கிறது, அதுவும் கறுப்பு வெள்ளைதான். இரண்டாவது, இந்தக் கதைக்கு வந்த தணிக்கைத் தகராறைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்வதா, படித்த பிறகா?

பழையபேப்பர்:

வண்ணம், சந்தேகமே வேண்டாம். இந்தக் கதையில் நிறம்தான் கதாபாத்திரம். ஈசி இதழ்களுக்கு வண்ணம் கொடுத்தவர் மேரி செவரின். அப்போதைய முறையில் அவர் கறுப்புப் பிரதியின் மேல் வண்ணம் தீட்டி எந்த இடத்தில் எது என்று குறித்துக் கொடுப்பார், அதைப் பார்த்து பிளாக் செய்கிறவர்கள் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பிரித்துப் புள்ளிகளாக வைப்பார்கள், நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சாகும். பத்து சென்ட் புத்தகம். அதற்குள் அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆரஞ்சு என்றால் மஞ்சளும் சிவப்பும் கலந்து வருவது, நீலம் தனி மை, ஒரே பக்கத்தில் இரண்டும் பளிச்சென்று பிரிந்து தெரியும்.

பதிப்புகள் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வாங்குகிறவர்களுக்கு உதவும். காக்ரனின் பெரிய அளவு கெட்டி அட்டைத் தொகுப்புகள் உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டைப்படங்கள் மட்டும் வண்ணம், ஓவியம் பார்க்க அதைவிட நல்ல அச்சு கிடையாது. உங்களிடம் இருப்பது பழைய வண்ணத்தை ஒட்டி வந்த தனி இதழ். டார்க் ஹார்ஸ் போடுகிற ஈசி ஆர்க்கைவ்ஸ் வரிசையில் மூன்றாம் தொகுதியில் இந்த 18-ஆம் இதழ் வருகிறது, அது கணினியில் புதிதாகப் போட்ட வண்ணம், வழவழப்பான தாள். எனக்கு அந்தச் சாயல் பிடிக்காது, தகடெல்லாம் பிளாஸ்டிக் போல மின்னும், ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கலாம். டிஜிட்டலில் வாங்கி டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டுங்கள், ஜெராக்ஸே வேண்டாம்.

மையும் தூரிகையும்:

பழையபேப்பர் அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். நான் கோரேகாவில் ஸ்டோரிபோர்டு வரைந்து பிழைக்கிறவன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன், இந்தக் கதையைக் கறுப்பு வெள்ளையில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

ஈசியில் வேலை நடந்த விதத்தை யோசித்துப் பாருங்கள். ஃபெல்ட்ஸ்டைன் வரைதாளிலேயே கட்டங்களைப் பிரித்துக் கதையை எழுதிவிடுவார், லெராய் என்கிற எழுத்து வரையும் அச்சுப் பலகை வைத்து எழுத்தையும் போட்டுவிடுவார்கள், அதற்கப்புறம்தான் தாள் ஓவியர் கைக்கு வரும். ஒவ்வொரு கட்டத்திலும் மேல்பாதியை எழுத்து தின்றிருக்கும். மீதி இருக்கிற இடத்தில்தான் ஓர்லாண்டோ ஒரு ஊரையே வரைய வேண்டும், தொழிற்சாலையை வரைய வேண்டும், முகபாவமே இல்லாத இரும்புத் தலையை வைத்துக்கொண்டு கூச்சத்தைக் காட்ட வேண்டும். அந்த வழிகாட்டி நெளிகிறது என்று மேலே எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முகமே கிடையாது. தலையின் சாய்வு, தோளின் கோணம், கை எங்கே இருக்கிறது, இவ்வளவுதான் கையிருப்பு.

வண்ணத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன தெரிகிறது? ஆரஞ்சு ரோபோவும் நீல ரோபோவும் ஒரே ஓவியம். கோட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. கதை சொல்ல வருவதே அதுதானே! வண்ணப் பதிப்பில் நம் கண் முதலில் நிறத்தைப் பார்த்துவிடுகிறது, நாமும் சைப்ரினியாக்காரர்கள் மாதிரிப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். கறுப்பு வெள்ளையில் அந்தப் பேருந்துக் கட்டத்தைப் பார்த்தால், இவர்கள் ஏன் பின்னால் நிற்கிறார்கள் என்று ஓவியத்திடம் கேட்டால் பதிலே இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை: உங்கள் வண்ண இதழை மட்டும் ஜெராக்ஸ் போடாதீர்கள். சாதாரண மெஷினில் ஆரஞ்சு பெரும்பாலும் கறுத்துப்போகும், நீலம் வெளிறிப்போகும், புள்ளிகள் எல்லாம் அழுக்கு மாதிரி விழும். கடைசிக் கட்டம் அதைவிட மோசம். பழுப்பு நிறத்தின் மேல் போட்ட மைக்கோடுகள் எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும், முகமே போய்விடும், அதில் இருக்கிற வியர்வைத் துளிகள் காணாமல் போகும். அந்தத் துளிகளுக்காகத்தான் ஒரு பதிப்பாளர் சண்டையே போட்டார். நகல் வேண்டுமானால் அந்த நண்பரிடம் இருக்கிற கறுப்பு வெள்ளைத் தொகுப்பிலிருந்து எடுங்கள், அது மைக்கோட்டை வைத்தே அச்சிட்டது, சுத்தமாக விழும்.

செம்பூர் டீச்சர்:

வண்ணச் சண்டையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பிகளா, நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தணிக்கைக் கதையைக் கண்டிப்பாகப் படித்த பிறகுதான் சொல்ல வேண்டும். முதலில் சொன்னால் பிள்ளைகள் முழுக் கதையையும் கடைசிக் கட்டத்துக்காகக் காத்திருந்து படிப்பார்கள், தொழிற்சாலையெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும்.

சொல்லும்போது முழுசாகச் சொல்லுங்கள், ஏனென்றால் பாதி மட்டும் சொன்னால் ஏதோ ஒரு முரட்டு அதிகாரி தடுத்தார் என்கிற அளவில் நின்றுவிடும். 1953-இல் கதை முதலில் வந்தபோது தடை ஒன்றும் இல்லை. அறிவியல் கதை எழுத்தாளர் ரே பிராட்பரியே பாராட்டிக் கடிதம் எழுதினார், அமெரிக்காவில் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்கிற தொனியில். 1954-இல் காமிக்ஸைத் தாக்கி மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாமின் புத்தகம் வந்தது, காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று செனட் துணைக்குழு விசாரித்தது, ஈசியின் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் அங்கே போய்ச் சாட்சி சொன்னார். அதே வருடம் பதிப்பாளர்கள் சேர்ந்து காமிக்ஸ் கோட் என்று விதிமுறை கொண்டுவந்தார்கள், அதை நிர்வகிக்க சார்ல்ஸ் மர்ஃபி என்கிற நீதிபதியை வைத்தார்கள். கோட்டின் அனுமதி முத்திரை இல்லாத புத்தகத்தை விற்பனையாளர்கள் தொட மாட்டார்கள். ஈசியின் பேய்க்கதை வரிசைகள் அதோடு முடிந்தன.

அறிவியல் கதை இதழ் மட்டும் 'இன்க்ரெடிபிள் சயன்ஸ் ஃபிக்‌ஷன்' என்கிற பெயரில் கொஞ்ச காலம் ஓடியது. அதன் 33-ஆம் இதழுக்கு ஏஞ்சலோ டோரஸ் வரைந்த ஒரு கதையைக் கோட் அலுவலகம் நிராகரித்தது. அந்த இடத்தை நிரப்பப் பழைய 'ஜட்ஜ்மென்ட் டே'யை எடுத்துப் போட்டார்கள். அதற்கும் வந்தது தடை, விண்வெளி வீரர் கறுப்பாக இருக்கக் கூடாது என்று. அதுதானே கதையே என்று ஃபெல்ட்ஸ்டைன் வாதாடினார். அப்புறம், சரி, வியர்வையையாவது எடுங்கள் என்றார்கள். கெய்ன்ஸ் இதை வெளியே கொண்டுபோவேன் என்று மிரட்டி, ஒரு கோடு மாற்றாமல் அச்சிட்டார். ஈசியின் கடைசி காமிக்ஸ் இதழ் அதுதான். அதற்குப் பிறகு அவருக்கு நிலைத்தது மேட் என்கிற நகைச்சுவை இதழ் மட்டும், அது ஏற்கெனவே பத்திரிகை வடிவத்துக்கு மாறியிருந்ததால் கோட்டுக்குள் வரவில்லை.

இதில் பிள்ளைகளிடம் நான் காட்ட விரும்புகிற இடம் ஒன்று உண்டு. எந்த மதத்தையும் இனத்தையும் கேலி செய்யவோ தாக்கவோ கூடாது என்று அதே விதிமுறையில் எழுதியிருந்தது! விதி அப்படி இருக்கும்போது அதை வைத்திருக்கிற கை இப்படி நடந்தது. அந்த 33-ஆம் இதழின் தேதி 1956 ஜனவரி–பிப்ரவரி. ரோசா பார்க்ஸ் என்கிற கறுப்பினப் பெண் மாண்ட்கோமரி பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தது 1955 டிசம்பர் 1. அதையொட்டி எழுந்த பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த நாட்களின் தேதியைத் தாங்கிய இதழில் நீல ரோபோக்கள் பேருந்தின் பின்னால் நிற்கிற படம். இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், வேறு விளக்கமே வேண்டாம்.

நெல்லை டு தாராவி:

எல்லோரும் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் ஒருவர்கூட நம் பக்கத்தைத் தொடவில்லையே. நாம் அமெரிக்காவில் உட்கார்ந்தா படிக்கிறோம்?

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவித் தோல் பட்டறைக்கு வந்தவர். இங்கே வந்த நம் ஆட்கள் எத்தனையோ பேர் அப்படி வந்தவர்கள்தான். இன்றைக்கும் ஊருக்குப் போனால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கயிறு. இந்தக் கலர் என்றால் இந்தச் சாதி. 2019-இல் பள்ளிக் கல்வித் துறையே அந்தக் கயிறுகளைக் கண்காணிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு குழு போட்டார்கள், அந்த அறிக்கையிலும் கயிறு வேண்டாம் என்று பரிந்துரை இருக்கிறது. ஆரஞ்சு, நீலம் என்று ஃபெல்ட்ஸ்டைன் எழுதியபோது அவருக்கு நம் ஊர் தெரியாது, ஆனால் தகட்டின் கலரை வைத்துப் பள்ளிக்கூடத்திலேயே பிரிக்கிறார்கள் என்று எழுதினார் பாருங்கள், அதைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தூரிகை தம்பி சொன்ன கறுப்பு வெள்ளை விஷயத்துக்கு நான் கட்சி. ஆனால் என் காரணம் வேறு. வண்ணப் புத்தகத்தில் யார் யார் என்று பார்த்தவுடன் தெரியும், அது அமெரிக்காவின் கதை. கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே உருவம், எழுத்தைப் படித்தால்தான் இது ஆரஞ்சு, அது நீலம் என்று தெரியும். அது நம் கதை. நம்மிடம் பார்த்துத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

வாடகை வீடு தேடிய எந்தத் தமிழனுக்கும் இது புரியும். புரோக்கர் முதலில் வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்பார். அப்புறம் முழுப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரைச் சொன்னால் அவருக்குப் போதாது, ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன வேலை என்று போகும். முலுண்டில் ஒரு சொசைட்டியில் அட்வான்ஸ் பேசி முடித்த பிறகு, நம் தமிழ்க்காரர் ஒருவரே, அவரும் கமிட்டியில் இருக்கிறார், இனிமையாகப் பேசிக்கொண்டே தெருப்பெயர் வரைக்கும் விசாரித்தார், மறுநாள் வீடு இல்லை என்று போன் வந்தது. அவர் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. கமிட்டியில் நான் ஒருத்தன் என்னப்பா செய்ய முடியும் என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த ஆரஞ்சு ரோபோவை எனக்கு நேரிலேயே தெரியும்.

பழையபேப்பர்:

நெல்லை அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் போட முடியவில்லை. உங்கள் வாதம் எனக்கு முழுக்கப் புரிகிறது. ஒன்றே ஒன்றுதான் சொல்வேன், பிள்ளைகளிடம் கதையை அது பிறந்த இடத்தில் வைத்தே முதலில் சொல்ல வேண்டும். பேருந்தின் பின் இருக்கை, ஊரின் இன்னொரு பக்கம் இருக்கிற நீலக் குடியிருப்பு, இதெல்லாம் அந்த நாட்டின் தென் மாநிலங்களில் அன்றைக்குச் சட்டமாகவும் நடைமுறையாகவும் இருந்தவை. அதை அவர்கள் அடையாளம் கண்டுகொண்ட பிறகு நம் ஊருக்கு வரலாம். இல்லையென்றால் நீலம் என்றவுடன் ஒரு பையன் இது அம்பேத்கர் கொடியின் நீலம் என்பான், அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று தாதர் பக்கம் போன எந்தப் பிள்ளைக்கும் அது தோன்றும், ஆனால் அது தற்செயல். அந்தத் தற்செயலில் பேச்சு சிக்கிக்கொண்டால் தொழிற்சாலைக்குத் திரும்பி வரவே முடியாது.

நெல்லை டு தாராவி:

தற்செயல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையன் அப்படிச் சொன்னால் வாயை மூடாதீர்கள். அவனுக்கு அது தோன்றியதே நல்ல விஷயம். தாதரில் நீலக் கொடி பிடித்து வருகிறவர்கள் அந்த நிறத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்கள், கதையில் நீலத்தை வேறொருவர் அவர்கள் மேல் பூசுகிறார். இந்த ஒரு வித்தியாசத்தைப் பேசினாலே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. நீங்கள் சொன்ன வரிசையில் சொல்லுங்கள், அதில் எனக்குத் தகராறு இல்லை. கடைசியில் நம் ஊருக்கு வராமல் மட்டும் முடித்துவிடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் ஒருவராவது வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டு வளர்கிறவராக இருக்கும், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ.

செம்பூர் டீச்சர்:

நெல்லை தம்பி சொல்வதில் ஒரு வகுப்பறைச் சிக்கல் இருக்கிறது, அதை மட்டும் கவனியுங்கள். உன் சாதி என்ன, உன் வீட்டில் எப்படி என்று யாரும் யாரையும் கேட்கிற நிலைமை வந்துவிடக் கூடாது. நான் வகுப்பில் இப்படிப்பட்ட கதை எடுத்தால் கேள்வியை வழிகாட்டி ரோபோவின் மேல் வைப்பேன். டார்ல்டன் போன மறுநாள் காலையில் அந்த ஆரஞ்சு ரோபோ வேலைக்குப் போகிறது, பேருந்தில் ஏறுகிறது, என்ன செய்யும்? எழுதச் சொல்லுங்கள். டார்ல்டன் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, பூமியிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது, சேர்ந்து வாழக் கற்றுக்கொண்ட பிறகுதான் முன்னேறினோம் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். அதனால் அந்த ரோபோவுக்கு ஒரு மறுநாள் உண்டு. பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பற்றியே எழுதுவார்கள், ஆனால் ரோபோவின் பெயரில் எழுதுவார்கள்.

மையும் தூரிகையும்:

டீச்சர், அருமை. என் பங்குக்கு ஒன்று: நகலைக் கொடுக்கும்போது கலர் பென்சில் கொடுக்காதீர்கள். எந்தப் பிள்ளைக்கும் உடனே பூசத் தோன்றும். முதல் வாசிப்பு பூசாமல் போகட்டும், பேருந்துக் கட்டத்திலும் தொழிற்சாலைக் கட்டத்திலும் நிறுத்தி, இதில் எது எது என்று படத்தை வைத்தே சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேளுங்கள். அப்புறம் வண்ண இதழை எடுத்து நீங்களே கையில் பிடித்துக்கொண்டு அதே கட்டங்களைக் காட்டுங்கள். இரண்டு பதிப்பும் வேண்டும், பழையபேப்பர் அண்ணனுக்கும் வெற்றி, எனக்கும் வெற்றி.

அன்டாப்ஹில் வாசகன்:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தொகுப்பு வைத்திருக்கிற நண்பரிடம் பேசிவிட்டேன், சனிக்கிழமை சயான் ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். நகல் அதிலிருந்து, வண்ண இதழ் என் கையில். முதலில் கதை, பிறகு டீச்சர் சொன்ன இரண்டு தேதிகள், பிறகு அந்த மறுநாள் காலைக் கேள்வி. நெல்லை அண்ணே, ஞாயிறு காலை உங்களுக்கு நேரம் இருந்தால் நீங்களே வந்து உட்காருங்கள், தாராவியிலிருந்து பக்கம்தானே. கயிறு விஷயத்தை நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும்.

இன்னும் ஒன்று. இதே 18-இல் பிராட்பரியின் 'ஜீரோ அவர்' கதையும் ஜாக் கேமன் ஓவியத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும் என்று தோன்றுகிறது. அடுத்த மாதத்துக்கு பிராட்பரியின் 'தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்' கதையை வாலி வுட் வரைந்தது வேண்டும், அது 17-ஆம் இதழ் என்று படித்தேன். எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.

பழையபேப்பர்:

17 தேடும்போது கவனம், வியர்ட் ஃபேன்டஸியில் 13 முதல் 17 வரை எண்கள் இரண்டு தடவை வரும். ஒரு காதல் கதை இதழின் எண்ணைத் தொடர்ந்து 1950-இல் 13 என்றே ஆரம்பித்தார்கள், புதுத் தபால் அனுமதிக்குப் பணம் கட்டாமல் தப்பிக்க. தபால் துறை விடவில்லை, ஐந்து இதழுக்குப் பிறகு 6 என்று திருத்தி எண்ணினார்கள். அதனால் 1951 ஜனவரி–பிப்ரவரியிலும் ஒரு 17 உண்டு, 1953 ஜனவரி–பிப்ரவரியிலும் ஒரு 17 உண்டு. உங்களுக்கு வேண்டியது 1953. காக்ரன் மறுபதிப்பில் எண்கள் 1-இலிருந்து நேராகப் போவதால் அதில் 17 என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஃப்ளோரா ஃபவுன்டன் நடைபாதையில் ஒருவர் காமிக்ஸ் கட்டு வைத்திருப்பார், வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.